அந்த மனுவில் கையெழுத்துப் போடும் முன்: டெக்சஸ் கரையோரத் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்களுக்கு, அக்காக்களுக்கு, நண்பர்களுக்கு,

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு மனு சுற்றியது, பார்த்திருப்பீர்கள். புயல் வெள்ளத்தில் பாழாகி, கொஞ்ச காலம் பூட்டிக் கிடந்து, கடைசியில் இடித்துத் தள்ளப்பட்ட அந்தப் பழைய அபார்ட்மென்ட் இருந்த இடத்தில் குறைந்த வாடகைக் குடியிருப்பு ஒன்று கட்டப் போகிறார்களாம், அதைத் தடுத்து நிறுத்த வேண்டுமாம், உடனே கையெழுத்துப் போட்டுவிட்டு நகர சபைக்கும் நம் தொகுதியின் மாநிலப் பிரதிநிதிக்கும் மின்னஞ்சல் அனுப்ப வேண்டுமாம். என்ன எழுத வேண்டும் என்பதையும் கீழே தயாராகக் கொடுத்திருந்தார்கள், பெயரையும் முகவரியையும் நிரப்பினால் போதும். பதினைந்து நிமிடத்தில் "போட்டாச்சு", "நானும் அனுப்பிட்டேன்" என்று பதில்கள் குவிந்தன. அதில் பாதிப் பேர் எனக்கு நேரில் தெரிந்தவர்கள். என் மகளைத் தூக்கி வளர்த்தவர்களும் இருக்கிறார்கள்.

குழுவில் நான் எதுவும் எழுதவில்லை. இரண்டு வரியில் சொல்லக்கூடிய விஷயமாக எனக்கு இது படவில்லை, இரண்டு வரியில் சொன்னால் சண்டையாகத்தான் முடியும். அதனால்தான் இந்தக் கடிதம். நீங்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஹார்வி புயலின்போது தெரிந்தவர் தெரியாதவர் என்று பார்க்காமல் படகு பிடித்துக் கொண்டு போய் ஆட்களை ஏற்றி வந்தவர்கள் நீங்கள், உங்கள் வீட்டு மாடியில் மூன்று குடும்பங்களை வாரக்கணக்கில் தங்க வைத்தவர்கள் நீங்கள். அந்த வாரத்தில் இருந்த உங்களிடம்தான் பேசுகிறேன்.

2017 ஆகஸ்ட் 25 இரவு ஹார்வி ராக்போர்ட் பக்கம் கரையேறியது. நாம் எல்லோரும் காற்றைப் பற்றித்தான் பயந்து கொண்டிருந்தோம், அப்புறம் பார்த்தால் மழை நான்கு நாட்கள் நிற்கவே இல்லை, டெக்சஸின் நெடர்லாண்ட் ஊரில் மட்டும் 60 அங்குலத்துக்கு மேல் கொட்டியது. அப்போது நான் ஹெச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில், ஒரு அபார்ட்மென்டின் தரைத்தளத்தில், ஒரு படுக்கையறை வீட்டில், மனைவியோடு வாடகைக்கு இருந்தேன். ஊருக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. 27-ஆம் தேதி விடிகாலையில் கழிப்பறை வழியாகத் தண்ணீர் மேலே வரத் தொடங்கி, அதைத் துடைத்துக் கொண்டிருக்கும்போதே வாசல் கதவுக்கு அடியிலும் வந்துவிட்டது. பாஸ்போர்ட், விசா காகிதங்கள், லேப்டாப், இவற்றை ஒரு குப்பைப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு மாடிப்படியில் நின்றோம். எங்களுக்கு நேர் மேலே குடியிருந்த அம்மா கதவைத் திறந்து உள்ளே வாருங்கள் என்றார். அதுவரை அவரோடு நாங்கள் பேசியதே இல்லை, பார்க்கிங்கில் பார்த்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். மருத்துவமனையில் நோயாளிகளைக் குளிப்பாட்டி, படுக்கை மாற்றி, தூக்கி உட்கார வைக்கும் உதவியாளர் வேலை அவருக்கு. ஐந்து நாட்கள் அவர் வீட்டில் இருந்தோம்.

தண்ணீர் வடிந்த பிறகு நடந்ததுதான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது. அபார்ட்மென்ட் அலுவலகத்திலிருந்து கதவில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். உங்கள் வீடு குடியிருக்கத் தகுதியற்றது, லீஸ், அதாவது வாடகை ஒப்பந்தம், முடிந்தது, ஐந்து நாளில் காலி செய்யுங்கள் என்று. நான் சட்டவிரோதம் என்று கத்தினேன், ஆனால் அது சட்டப்படிதான் இருந்தது. டெக்சஸ் சொத்துச் சட்டத்தின் 92.054-ஆம் பிரிவு என்ன சொல்கிறதென்றால், வெள்ளம், தீ மாதிரியான சேதத்தில் வாடகை வீடு முழுவதும் குடியிருக்க முடியாமல் போனால், வீட்டுக்காரரோ வாடகைக்காரரோ யார் வேண்டுமானாலும் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து லீஸை முறித்துக் கொள்ளலாம். வாடகைக்காரருக்குக் கிடைப்பது காலி செய்த நாளுக்குப் பிறகான வாடகை மீதியும் டெபாசிட்டும் மட்டும். சரி, வீட்டில் பாதிதான் பாழ் என்றால்? அப்போது வாடகையைக் குறைக்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் அதற்குக் கவுன்டி அல்லது மாவட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பு வேண்டும். பூஞ்சை பிடித்த சுவரோடு குழந்தைகளை வைத்துக்கொண்டு முழு வாடகையும் கட்டிக் கொண்டிருக்கிறவர்கள், வழக்கறிஞரைத் தேடி நீதிமன்றம் போய்த் தீர்ப்பு வாங்கிக் கொண்டு வர வேண்டும். யார் போவார்கள்?

அப்புறம் ஃபீமா, பேரிடர் நிவாரணம் தரும் மத்திய அரசு அமைப்பு. நம்மில் எத்தனை பேருக்கு இது ஞாபகம் இருக்கிறது என்று தெரியவில்லை: ஹெச்1பி விசாவிலும் எஃப்1 மாணவர் விசாவிலும் இருப்பவர்களுக்கு ஃபீமாவின் பண உதவி கிடையாது. குடிமக்கள், கிரீன்கார்டு வைத்திருப்பவர்கள், அகதிகள் மாதிரியான சில பிரிவினர், இவர்களுக்குத்தான். வீட்டில் இங்கே பிறந்த குழந்தை இருந்தால் குழந்தையின் பெயரில் விண்ணப்பிக்கலாம், எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை. அந்த வருடம் ஒரு குடும்பத்துக்கு ஃபீமா அதிகபட்சம் 33,300 டாலர் வரை தரலாம் என்று விதி இருந்தது, எங்களுக்குக் கிடைத்தது சுத்தமான பூஜ்யம். என்னைப் போல வரி கட்டிக்கொண்டு, சமூகப் பாதுகாப்புக்கும் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்துக்கொண்டு, புயல் அடித்தால் மட்டும் கணக்கிலேயே வராதவர்கள் நம் குழுக்களில் இன்றைக்கும் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். நேற்று வந்த மாணவர்கள், முதல் வேலையில் இருக்கும் பிள்ளைகள், எல்லோரும் தரைத்தள அபார்ட்மென்டுகளில்தான். அவர்கள் இந்த மனுவில் கையெழுத்துப் போட்டதையும் பார்த்தேன், அதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

எனக்கு வேலை இருந்தது, நண்பர்கள் இருந்தார்கள், இரண்டு மாதத்தில் வேறு இடம் பிடித்துவிட்டேன், ஐந்து வருடத்தில் வீடும் வாங்கிவிட்டேன். எங்களை உள்ளே கூப்பிட்ட அந்த அம்மாவின் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. இருந்தும் கீழ்த்தளத்தின் மின்சார இணைப்பெல்லாம் போய்விட்டதால் கட்டடத்தையே மூடினார்கள், அவரும் கிளம்ப வேண்டியதாயிற்று. சுற்றுவட்டாரத்தில் பாதி அபார்ட்மென்டுகள் பாழ், மீதியில் வாடகை ஏறிவிட்டது. அவர் மருத்துவமனையிலிருந்து ஐம்பது நிமிட ஓட்டத்தில் ஒரு இடம் பிடித்தார். விடிகாலை ஷிப்டுக்கு நான்கு மணிக்கே எழுந்து போவார். ஒரு வருடம் அப்படிப் போய்விட்டு, ஒரு நாள் கார் பழுதாகி, வேலையை விட்டுவிட்டு அக்கா வீட்டோடு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். எங்கள் ஊருக்கு அவர் எப்போது திரும்பி வர முடியும் என்று கேட்டால், அந்த மனுவில் எதிர்க்கிறோமே, அந்த மாதிரிக் குடியிருப்பு ஒன்று திரும்ப எழும்போதுதான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இந்த நாட்டில் புயலுக்குப் பிறகு வருகிற பணம் பெரும்பாலும் சொத்தைத்தான் தேடிப் போகிறது. வீட்டின் சொந்தக்காரருக்குக் காப்பீடு, மறுகட்டு மானியம், குறைந்த வட்டிக் கடன் என்று ஏதோ சில வழிகள் இருக்கின்றன, அவையும் தாமதமாகவும் தலைவலியாகவும்தான் வருகின்றன, அதை மறுக்கவில்லை. வாடகைக்காரர் இழந்தது என்ன என்று கேட்டால் ஒரு சோபா, ஒரு கட்டில், ஒரு டிவி என்று எழுதிக் கொள்கிறார்கள். அவர் உண்மையில் இழந்தது அந்த ஊரில் அந்த வாடகைக்கு இருக்கும் வாய்ப்பை, அதை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

இது டெக்சஸோடு நிற்கவில்லை. 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பிறகு லூசியானாவில் 'ரோட் ஹோம்' என்ற திட்டம் போட்டார்கள், சொந்த வீட்டுக்காரர்களுக்கு 1,50,000 டாலர் வரை மானியம். எவ்வளவு என்பதைக் கணக்கிடும்போது, புயலுக்கு முன் வீட்டின் சந்தை விலை, செப்பனிட ஆகும் செலவு, இரண்டில் எது குறைவோ அது என்றார்கள். ஒரே அளவு வீடு, ஒரே அளவு சேதம், ஆனால் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் இருந்தால் சந்தை விலை குறைவு, ஆக மானியமும் குறைவு. பலகையும் ஆணியும் எந்தத் தெருவில் இருந்தாலும் ஒரே விலைதானே! வழக்குப் போட்டு, 2011-ல் 6.2 கோடி டாலர் கூடுதலாகக் கொடுப்பதாகச் சமரசம் ஆனது, அதற்குள் ஆறு வருடம் போய்விட்டது. வாடகைக்காரர்களுக்கோ அந்த அளவுக்குக்கூட நேரடியாக ஒரு திட்டம் இல்லை, சிறிய வாடகை வீட்டு உரிமையாளர்களுக்குக் கொடுத்தால் அவர்கள் கட்டித் தருவார்கள் என்று ஒரு திட்டம் போட்டார்கள், அது நொண்டிக் கொண்டே நடந்தது. பக்கத்து மிசிசிப்பியில் வீடுகளுக்காக வந்த மத்தியப் பணத்தில் சுமார் 57 கோடி டாலரை கல்ஃப்போர்ட் துறைமுக விரிவாக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கேயும் வழக்கு, அங்கேயும் சமரசம், 2010-ல் ஏறக்குறைய 13 கோடி டாலர் விட்டுப்போன ஏழைக் குடும்பங்களின் வீடுகளுக்கு என்று ஒதுக்கினார்கள்.

நம் ஊரையே எடுத்துக் கொள்ளுங்கள். 2024 ஜூலை 8-ஆம் தேதி பெரில் புயல் அடித்தது, நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் வெந்தோம். அந்த வருடத்துப் புயல்களுக்காக ஹூஸ்டன் நகரத்துக்கு 31 கோடி டாலருக்கு மேல் மத்திய அரசு ஒதுக்கியது. நகரம் போட்ட முதல் வரைவுத் திட்டத்தில் வீட்டுக்கு என்று ஒரு டாலர்கூட இல்லை. மக்கள் வந்து சத்தம் போட்ட பிறகுதான் ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். சத்தம் போட்டவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? கூரைமேல் நீலத் தார்ப்பாயோடு இருந்தவர்கள். நம் ஆட்கள் யாரும் அங்கே இருந்ததாக நான் கேள்விப்படவில்லை, நானும் போகவில்லை. அதற்காக இப்போதும் வருத்தப்படுகிறேன்.

சரி, பணம் வந்துவிட்டது, கட்டுவதற்கு ஆளும் வந்துவிட்டார், அப்போதுதான் நாம் வருகிறோம். அக்கம்பக்கத்து மக்கள். மறுகட்டுமானம் மாட்டிக் கொள்கிற கடைசி முடிச்சு பல ஊர்களில் இதுதான். நியூ ஆர்லியன்ஸுக்குப் பக்கத்தில் செயின்ட் பெர்னார்ட் என்று ஒரு பாரிஷ், நம் கவுன்டி மாதிரி. கத்ரீனாவில் கிட்டத்தட்ட முழுவதும் மூழ்கிய இடம். அந்த மக்கள் பட்ட பாடு சாதாரணமல்ல. அந்த மக்களின் சபை 2006-ல் ஒரு சட்டம் போட்டது: தனி வீட்டை வாடகைக்கு விடுவதானால் இரத்த உறவினருக்கு மட்டும்தான், மற்றவர்களுக்கு விட சிறப்பு அனுமதி வேண்டும். அங்கே வீட்டுச் சொந்தக்காரர்களில் 90 சதவீதத்துக்கு மேல் வெள்ளையர்கள், அப்படியானால் அந்தச் சட்டம் யாரை வெளியே நிறுத்தியது என்று யோசித்துப் பாருங்கள். நீதிமன்றம் போனதும் அதைக் கைவிட்டார்கள். 2008-ல் கலப்பு வருமான அபார்ட்மென்டுகள் கட்ட ஒரு நிறுவனம் வந்தபோது, ஐந்து வீடுகளுக்கு மேல் உள்ள எந்தக் கட்டடத்துக்கும் தற்காலிகத் தடை என்று இன்னொன்று. வீட்டு விஷயத்தில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 1968-ன் நியாயமான வீட்டுவசதிச் சட்டத்துக்கு அது விரோதம் என்று 2009-ல் கூட்டாட்சி நீதிபதி தீர்ப்புச் சொன்னார். சொன்ன பிறகும் இழுத்தடித்து, நீதிமன்ற அவமதிப்பு வரைக்கும் போனது. இந்த மக்களும் சில வருடத்துக்கு முன் கூரைமேல் நின்று கையசைத்தவர்கள்தான்.

கால்வெஸ்டன் தீவு நமக்கு இன்னும் பக்கம். 2008 செப்டம்பர் 13 அதிகாலை ஐக் புயல் கரையேறியது அங்கேதான். தீவில் ஏழைகளுக்கு அரசு குறைந்த வாடகைக்கு விடும் பொதுக் குடியிருப்புகளில் 569 வீடுகள் சேதமடைந்து இடிக்கப்பட்டன. திரும்பக் கட்டுவோம் என்று வாக்குறுதி, வாடகைக்காரர்களுக்காக வாதாடும் இரண்டு அமைப்புகளோடு 2010-ல் மாநிலம் செய்துகொண்ட ஒப்பந்தம், எல்லாம் இருந்தும் வேலை நகரவில்லை. கட்டவே கூடாது என்று ஊரில் பெரிய எதிர்ப்பு. 2012 மேயர் தேர்தலே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது, எதிர்ப்புப் பக்கம் நின்று வென்றவர் பிறகு மத்திய அரசின் பணமே கைவிட்டுப் போய்விடும் என்ற நிலை வந்ததும் இறங்கி வர வேண்டியிருந்தது. ஒன்பது வருடம் கழித்து ஹார்வி வந்தபோதும் அந்த 569 வீடுகளும் முழுதாகத் திரும்பி வந்திருக்கவில்லை. இடையில் அந்தத் தீவில் ஓட்டல் அறை சுத்தம் செய்கிறவர்களும் மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களும் தினமும் பாலம் தாண்டிப் போய் வந்தார்கள். வார இறுதியில் நாம் கடற்கரைக்குப் போய்த் தங்கினோமே, அந்த ஓட்டல்கள்தான்.

ஹூஸ்டனிலேயே இன்னொன்று. ஹார்விக்கு ஒரு வருடம் முன், 2016-ல், வசதியான பகுதியான ஃபவுன்டன் வியூ சாலையில் 233 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பை வீட்டுவசதி வாரியம் கட்ட நினைத்தது. பள்ளியில் இடம் போதாது என்று அக்கம்பக்கம் கொதித்தது, மேயர் அதை வாக்கெடுப்புக்கே கொண்டு போகவில்லை, செலவு அதிகம் என்றார். 2017 ஜனவரியில் ஹட் என்று சொல்கிறோமே, அந்த மத்திய வீட்டுவசதித் துறை, இன அடிப்படையிலான எதிர்ப்புக்கு நகரம் இடம் கொடுத்துவிட்டது, அது சிவில் உரிமைகள் சட்டத்துக்கு விரோதம் என்று கடிதம் எழுதியது. நகரம் அதை ஏற்கவில்லை. அந்தக் குடியிருப்பு கடைசி வரை எழவே இல்லை. ஏழு மாதம் கழித்து ஹார்வி வந்தது.

உங்களில் பலர் ஒரு மின்னஞ்சல்தானே, நம் கருத்தைச் சொல்கிறோம், முடிவை அதிகாரிகள் எடுப்பார்கள் என்று நினைக்கிறீர்கள். இதைத்தான் மறுபடி யோசிக்கச் சொல்கிறேன். இந்த மாதிரிக் குடியிருப்புகளுக்குப் பணம் பெரும்பாலும் 1986-ல் கொண்டுவந்த ஒரு வரிச்சலுகையிலிருந்து வருகிறது. மாநிலங்களுக்கு வருடா வருடம் ஒரு அளவு, டெக்சஸில் அதற்கு ஏகப்பட்ட போட்டி, விண்ணப்பங்களை மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். அந்த மதிப்பெண்ணில் நகர சபையின் தீர்மானத்துக்கு ஒரு பங்கு, பதிவு செய்த குடியிருப்போர் சங்கத்தின் கடிதத்துக்கு ஒரு பங்கு, மாநிலப் பிரதிநிதியின் கடிதத்துக்கும் ஒரு பங்கு என்று டெக்சஸ் சட்டத்திலேயே நீண்ட காலமாக எழுதி வைத்திருக்கிறார்கள். பிரதிநிதி எதிர்த்து எழுதினால் மதிப்பெண் குறையும். ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் தோற்கிற விண்ணப்பங்கள் ஏராளம். போட்டியில்லாத இன்னொரு வகைச் சலுகைக்கும் நகரம் ஆட்சேபம் இல்லை என்று தீர்மானம் கொடுக்க வேண்டும், ஃபவுன்டன் வியூ செத்தது அந்தப் படியில்தான். ஆக, எண்பது பேர் அனுப்பும் ஒரே வாசகமுள்ள மின்னஞ்சல், பிரதிநிதியின் உதவியாளர் மேசையில் கருத்தாக மட்டும் போய் உட்காருவதில்லை, அந்த இடத்தில் வீடு வருமா வராதா என்பதை அதுவே முடிவு செய்துவிடலாம்.

மனுவில் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன். வீட்டு விலை விழுந்துவிடும் என்பது முதல் காரணம். இதை நான் சும்மா தள்ளப் போவதில்லை, எனக்கும் முப்பது வருடக் கடன் இருக்கிறது. அப்போது ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த ரெபெக்கா டயமண்ட், டிம் மெக்வேட் இருவரும் இந்த வரிச்சலுகைக் குடியிருப்புகளைச் சுற்றியுள்ள வீட்டு விலைகளை ஆராய்ந்தார்கள். வருமானம் குறைந்த பகுதிகளில் பக்கத்து வீடுகளின் விலை சுமார் 6.5 சதவீதம் ஏறியிருந்தது. வருமானம் அதிகமாக, சிறுபான்மையினர் குறைவாக இருக்கும் பகுதிகளில் சுமார் 2.5 சதவீதம் இறங்கியிருந்தது, அதுவும் குடியிருப்புக்கு மிக அருகில், மைலில் பத்தில் ஒரு பங்கு தூரத்துக்குள். நம் பகுதி இரண்டில் எதைப் போன்றது என்று ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். மோசமான பக்கத்தையே எடுத்துக் கொள்வோம். ஹார்வியில் நம் பகுதி மூழ்கியது என்ற செய்தியே நம் வீட்டு விலையை எவ்வளவு இறக்கியது, மறுபடி எவ்வளவு ஏறியது என்று உங்களுக்குத் தெரியும். நூறு குடும்பங்களின் கூரைக்கும் இந்த 2.5-க்கும் நடுவில் நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பள்ளி நிரம்பிவிடும் என்பது இரண்டாவது. அந்த இடத்தில் முன்பும் அபார்ட்மென்ட்தான் இருந்தது, அந்தப் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு அதே பஸ்ஸில்தான் போனார்கள். 2017 செப்டம்பரில் பள்ளி திறந்தபோது வகுப்பில் காலி நாற்காலிகள் இருந்ததாக உங்களில் ஒருவர்தான் என்னிடம் சொன்னார்.

மூன்றாவது, வெள்ளம். கட்டடம் வந்தால் தண்ணீர் நம் தெருவுக்குள் வரும் என்கிறார்கள். இந்தக் கவலை முழுக்க நியாயமானது, மனுவில் எனக்கு உடன்பாடான ஒரே வரியும் அதுதான். ஆனால் அதற்குக் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. ஹார்விக்குப் பிறகு ஹூஸ்டன் நகரம் விதியை மாற்றியது, வெள்ளப் பகுதிகளில் புதிதாகக் கட்டும் எதுவும் 500 வருடத்தில் ஒரு முறை என்று கணக்கிட்ட வெள்ள மட்டத்துக்கு 2 அடி மேலே இருக்க வேண்டும். 2018-ல் மழைக் கணக்கையே திருத்தினார்கள், நூறு வருடத்தில் ஒரு முறை என்று சொல்லும் ஒரு நாள் மழை இங்கே 13 அங்குலம் என்று வைத்திருந்தது 18 அங்குலம் ஆனது. இந்தக் குடியிருப்பு எந்த மழைக் கணக்கின்படி வடிவமைக்கப்பட்டது, தண்ணீர் தேக்கும் குளத்தின் கொள்ளளவு என்ன, அது எந்தக் கால்வாயில் போய் விழுகிறது, கட்டுகிற நேரத்தில் மண் அடித்துக் கொண்டு போகாமல் இருக்க என்ன ஏற்பாடு, தரைத்தளத்தில் வீடு வைக்கிறார்களா அல்லது வண்டி நிறுத்தமா? நம்மிடையே சிவில் பொறியாளர்கள் எத்தனை பேர், வடிகால் துறையிலேயே வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர்! வரைபடத்தை வாங்கிப் பார்த்து, இது போதாது, இன்னும் ஒரு அடி ஆழமாகத் தோண்டுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். அது அங்கே குடிவரப் போகிறவர்களுக்கும் நல்லது, கீழ்த் தெருவில் இருக்கும் நமக்கும் நல்லது. வேண்டாம் என்று தடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? அந்த மனை சும்மா கிடக்காது. வேறு யாராவது வாங்கி, குளிர்பதனக் கிடங்கோ சேமிப்புக் கிடங்கோ கட்டுவார்கள், தரை முழுக்க காங்கிரீட் ஊற்றுவார்கள், அதற்கு யாரும் மனு சுற்ற மாட்டார்கள்.

நான்காவது காரணம் மனுவில் எழுதவில்லை, குழுவில்தான் வந்தது. "எந்த மாதிரி ஆட்கள் வருவார்களோ" என்று ஒருவர் கேட்டிருந்தார், பத்துப் பேர் தலையாட்டியிருந்தார்கள். அண்ணா, நான் சொல்கிறேன் எந்த மாதிரி ஆட்கள் என்று. இங்கே குடியேற இந்தப் பகுதியின் நடுத்தர வருமானத்தில் பொதுவாக 60 சதவீதத்துக்குள் சம்பாதிக்க வேண்டும், வருமானச் சான்று காட்ட வேண்டும், வாடகை கட்ட வேண்டும், அதாவது வேலைக்குப் போகிறவர்கள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், மருந்துக் கடை கல்லாவில் நிற்கிறவர், பகல்நேரக் குழந்தைக் காப்பகத்தில் நம் பிள்ளைகளுக்கு டயப்பர் மாற்றுகிறவர், ஓய்வு பெற்று மாதாமாதம் வருகிற சமூகப் பாதுகாப்புப் பணத்தில் வாழ்கிற பாட்டி. ஹார்விக்குப் பிறகு நம் வீடுகளில் நனைந்த ஷீட்ராக் சுவர்ப்பலகைகளைப் பிய்த்து எறிந்து, பூஞ்சையை மூச்சில் இழுத்துக்கொண்டு புதுச்சுவர் வைத்தார்களே, அவர்கள் இரவில் எங்கே தூங்கினார்கள் என்று அப்போது நாம் யாரும் கேட்கவில்லை. பலர் வண்டியிலேயே தூங்கினார்கள். நம் வீடுகள் எழுந்தன.

வாடகையில் ஒரு பகுதியை அரசு கட்டும் வவுச்சர் கொடுத்தால் போதாதா, அவர்களே இடம் தேடிக்கொள்ளட்டும் என்று ஒரு அக்கா எழுதியிருந்தார், நல்ல மனசோடுதான் எழுதியிருந்தார். அக்கா, டெக்சஸில் வீட்டுக்காரர் வவுச்சரை வேண்டாம் என்று தள்ளலாம். அப்படித் தள்ளக்கூடாது என்று ஒரு நகரம் விதி போட நினைத்தாலும் 2015-ல் மாநிலம் போட்ட சட்டம் அதைத் தடுக்கிறது, முன்னாள் ராணுவத்தினருக்கு மட்டும் விலக்கு. புயலுக்குப் பிறகு வீடுகள் குறைந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது, வவுச்சரோடு வருகிறவரை யார் முதலில் கூப்பிடுவார்கள்? கையில் காகிதம் இருக்கும், காலக்கெடு ஓடிக் கொண்டிருக்கும், கதவு திறக்காது. கட்டி எழுப்பிய வீடு வேண்டும். அது இந்தக் கரையோரத்தில், வேலை இருக்கும் இடத்தில் வேண்டும், நிலம் மலிவு என்று அறுபது மைல் உள்ளே தள்ளிக் கட்டினால் அந்த அம்மாவுக்கு நடந்ததுதான் எல்லோருக்கும் நடக்கும்.

நான் கேட்பது இவ்வளவுதான். கையெழுத்துப் போட்டவர்கள் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம், பிரதிநிதி அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும், முன்பு அனுப்பியதை என் கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று. குடியிருப்போர் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்கள், எதிர்ப்புக் கடிதம் அனுப்பும் முன் உறுப்பினர்களைக் கூட்டிப் பேசுங்கள், வடிகால் நிபந்தனைகளோடு ஆதரவுக் கடிதமாகவே அதை மாற்ற முடியுமா என்று பாருங்கள், அப்படிக் கொடுத்தால் அதற்கும் மதிப்பெண் உண்டு. நம் சங்கங்களில் புயல் நிவாரணத்துக்கு என்று பணம் திரட்டுகிறோமே, அதில் ஒரு பகுதியை விசா காரணமாக ஃபீமா கைவிடும் நம் பிள்ளைகளின் முதல் மாத வாடகைக்கும் டெபாசிட்டுக்கும் என்று தனியாக ஒதுக்கி வையுங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை ஒவ்வொரு வருடமும் புயல் காலம் வருகிறது, வந்த பிறகு தேடக்கூடாது. அப்புறம், வாடகைக்கு இருக்கும் தம்பி தங்கைகளே, வாடகைக்காரர் காப்பீட்டில் வெள்ளச் சேதம் பொதுவாக அடங்காது, பொருட்களுக்கு மட்டும் தனி வெள்ளக் காப்பீடு வாங்கலாம், எடுத்தவுடன் நடைமுறைக்கு வராது, பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும். இன்றைக்கே பாருங்கள்.

நகர சபையில் பொது விசாரணை வரும் செவ்வாய் மாலை. ஒருவருக்கு இரண்டு நிமிடம் தருவார்கள். ஆதரித்துப் பேச நான் பெயர் கொடுத்துவிட்டேன், கூட்டத்தில் பேசுவதென்றால் எனக்கு இன்னும் கை நடுங்கும், எழுதி வைத்துத்தான் படிப்பேன். எதிர்த்துப் பேசப் போகிறவர்களும் வாருங்கள், வெளியே நின்று பேசலாம். என் வண்டியில் மூன்று இடம் இருக்கிறது, ஐந்தரைக்குக் கிளம்புகிறேன்.

உங்களில் ஒருவன்,
முன்பு தரைத்தளத்தில் குடியிருந்தவன்